காபிலாவின் கடைசி மனிதர்



சேலம் அஸ்தம்பட்டிப் பகுதியில் இன்று எந்த மாதத்தில் பார்த்தாலும் ஏதேனும் ஒரு குடும்பம் உம்ராவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு இது அரிய செய்தி. செல்வந்தர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் மஹல்லா முழுவதும் திரண்டு ரயில் நிலையம் வரை சென்று வழியனுப்பும். இன்றோ ஓய்வுபெற்ற ஆசிரியையும், வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்து பிழைக்கும் தொழிலாளியும், மளிகைக் கடைக்காரரும் சிறுகச் சிறுகச் சேர்த்து, சீட்டுப் போட்டு, புனித மக்காவைக் காணப் புறப்படுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால் நம் கையில் விளம்பரத் தாள்கள் திணிக்கப்படுகின்றன. இத்தனை நாட்கள், இத்தனை ரூபாய், மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு, ஹரமுக்கு அருகிலேயே தங்குமிடம், மக்கா மதீனா ஜியாரத், திரும்பும்போது 5 லிட்டர் ஜம்ஜம் என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். நாமும் நான்கு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். எது மலிவு? எந்த விமானம்? அறையில் எத்தனை பேர்? தங்குமிடத்திலிருந்து ஹரம் எத்தனை மீட்டர்?

இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. எங்களை அழைத்துச் செல்பவர் யார்? அவர் எவ்விதம் அழைத்துச் செல்வார்? ஒரு கூட்டுப் பயணம் இனிமையாக அமைவதும், அலைச்சலாக முடிவதும், சில வேளைகளில் ஆபத்தாகவே மாறுவதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தே இருக்கின்றன.

இரண்டு வேன்கள்

இதனை விளங்கிக்கொள்ள நெடுந்தொலைவு செல்லத் தேவையில்லை. விடுமுறை நாளொன்றின் காலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் சிறிது நேரம் நின்றால் போதும். வெளியூர்ச் சுற்றுலா வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்குச் செல்வதைக் காணலாம். சுமார் 30 கிலோமீட்டர் பாதை. அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம்.

இரண்டு வேன்கள் ஒரே நேரத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வேனில் இருப்பவர் கையில் ஒரு பட்டியல். ஏரி, லேடீஸ் சீட், பகோடா முனை, கிளியூர் அருவி, தாவரவியல் பூங்கா என எல்லாவற்றையும் மாலைக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம். வளைவுகளில் வண்டி வேகமாகத் திரும்பியதில் பாதிக் குழந்தைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்கிறார்கள். கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லாததால், இறங்கிய முதியவர் ஒருவர் ஏற முடியாமல் நடுவழியில் அமர்ந்துவிடுகிறார். மாலையில் எல்லா இடங்களையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் எதுவும் மனத்தில் நிற்கவில்லை.

இரண்டாவது வேனில் மூன்றே இடங்கள். வளைவுகளில் நிதானம். நடக்க இயலாதவர்களுக்கு ஏரிக்கரை, நடப்பவர்களுக்கு அருவி. லேடீஸ் சீட்டில் நிற்கும்போது, கீழே விரிந்து கிடக்கும் சேலம் சமவெளியைக் காட்டி, 1820களில் இம்மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த வரலாற்றை அழைத்துச் சென்றவர் சொல்கிறார். வழியெங்கும் கண்ட காப்பித் தோட்டங்களுக்கு அப்போதுதான் பொருள் விளங்குகிறது.

மலை ஒன்றே, பாதை ஒன்றே, செலவும் ஏறத்தாழ ஒன்றே. பயணம் மட்டும் இரண்டு! ஒருநாள் உல்லாசப் பயணத்திலேயே இத்தனை வேறுபாடு என்றால், வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு, வாழ்நாளில் ஒருமுறையே செல்லும் பயணத்தில் எத்தனை வேறுபாடு இருக்கும்? சிந்தித்துப் பாருங்கள்.

இருவர் சொன்ன செய்தி

உம்ரா சென்று திரும்புவோர் எங்கள் மதரஸாவுக்கு வந்து பேரீச்சம் பழமும் ஜம்ஜமும் தந்து, பயணச் செய்திகளைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மாதத்தில் இரண்டு குடும்பங்கள், வெவ்வேறு நிறுவனங்கள் வழியாகச் சென்று திரும்பின. கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரு குடும்பத்திலும் முழங்கால் வலியுள்ள முதியவர்கள் இருந்தனர்.

முதல் குடும்பத்தின் மூதாட்டி சொன்னார்: "ஹஜ்ரத், பதினைந்து நாளும் முன்னால் போகிறவர் கையிலிருந்த கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியை விட்டுவிட்டால் தொலைந்துபோவேனே என்ற பயம். காபாவை ஆற அமரப் பார்க்க முடியவில்லை." இதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின.

இரண்டாவது குடும்பத்தின் பெரியவர் வேறுவிதமாகச் சொன்னார்: "எங்கள் அமீர் முன்னால் நடக்கவே மாட்டார் ஹஜ்ரத். வாட்டசாட்டமான பையன் ஒருவனை முன்னால் விட்டுவிட்டு, அவர் எங்களைப் போன்ற நொண்டிகளோடு கடைசியில்தான் வருவார்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த அமீர் முதல் நாளிலேயே தங்குமிடத்தின் பெயரை அரபியில் எழுதிய அட்டையை ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறார். ஹரமில் எந்த வாசலில் நுழைந்தோம் என்பதை எண்ணோடு மனனம் செய்யவைத்திருக்கிறார். முதல் உம்ராவை முடித்த மறுநாள் வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்காமல், விரும்பியவரை விரும்பிய நேரம் ஹரமில் இருக்க விட்டிருக்கிறார்.

முன்னவர் கொடியைப் பார்த்தார், பின்னவர் காபாவைப் பார்த்தார். இருவரையும் அழைத்துச் சென்றவர்கள் மார்க்கம் அறிந்தவர்களே. வேறுபாடு அறிவில் இல்லை. யாருடைய கால்களை அளவாக வைத்து நடந்தார்கள் என்பதில்தான் இருந்தது.

நாயகம் காட்டிய பயண வழி

கூட்டாகச் செல்லும் பயணத்தை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதில் நமக்கு மிகத் தெளிவான முன்மாதிரி உண்டு. மூவர் பயணம் புறப்பட்டால்கூடத் தம்மில் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு மதீனாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற முஸ்லிம்களுக்கு அபூபக்ர் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் அமீராக நியமித்தார்கள். தலைவரில்லாக் கூட்டமாக அவர்களை அனுப்பவில்லை.

மறு ஆண்டு நடந்த இறுதி ஹஜ்ஜில் நாயகமே (ஸல்) வழிகாட்டியாக இருந்தார்கள். அந்தப் பயணத்தின் நடையைக் கவனியுங்கள். அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் புறப்பட்டபோது, தமது ஒட்டகத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிதானம், நிதானம் என்று கையால் சைகை காட்டியபடி சென்றார்கள். நெரிசலில் மெதுவாகவும், இடைவெளி கிடைத்தபோது சற்று விரைவாகவும் சென்றதாக அறிவிப்புகளில் காண்கிறோம். கூட்டத்தை நடத்தும் கலையில் இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ?

முஸ்தலிஃபாவில் தங்கியபோது, உடல் கனத்து மெதுவாக நடக்கும் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்டம் புறப்படும் முன்பே மினாவுக்குச் செல்ல அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலம் குன்றியிருந்தபோது, வாகனத்தில் அமர்ந்தபடியே மக்களுக்குப் பின்னால் தவாஃப் செய்யும்படி சொல்லப்பட்டது. இன்று சக்கர நாற்காலியில் தவாஃப் செய்ய வெட்கப்படும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவாக ஓட்டிய அன்ஜஷா என்பவரிடம், கண்ணாடிப் பாத்திரங்களை ஓட்டிச் செல்வதுபோல் மெல்ல ஓட்டும்படி அறிவுறுத்தினார்கள்.

பொதுவாகவே பயணங்களில் நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னால் வருவதுண்டு. தளர்ந்துபோன வாகனத்தை முடுக்கிவிடுவார்கள். நடக்க இயலாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆவும் செய்வார்கள்.

ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்துபோனது. அதைத் தேடுவதற்காகக் கூட்டம் முழுவதும் நின்றது. நின்ற இடத்தில் தண்ணீர் இல்லை. சிலர் முணுமுணுத்தார்கள். தந்தையான அபூபக்ர் (ரலி) அவர்களே மகளைக் கடிந்துகொண்டார்கள். அவ்வேளையில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. ஒருவரின் இழப்புக்காகக் கூட்டமே நின்ற அந்த இடத்தில், சமுதாயம் முழுமைக்கும் உலகம் உள்ளளவும் ஒரு சலுகை கிடைத்தது! இன்றைய வழிகாட்டிகளில் எத்தனை பேர் ஒருவரின் தொலைந்த பைக்காகப் பேருந்தை நிறுத்துவார்கள்?

தனியாகப் புறப்பட்ட இளைஞர்

1325ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் தாஞ்சியரிலிருந்து 21 வயது இளைஞர் ஒருவர் ஹஜ்ஜுக்காகத் தனியாகப் புறப்பட்டார். அவர்தாம் பிற்காலத்தில் நம் தமிழகத்துக்கும் வந்து மதுரை சுல்தான்களைக் கண்ட பயணி இப்னு பதூதா. துனீஸ் நகருக்குள் நுழைந்தபோது மற்றவர்களையெல்லாம் ஊரார் வரவேற்று ஸலாம் சொன்னார்கள். இவரை அறிந்தவர் எவருமில்லை. துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த சக பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் செல்லும் வரை பேசிக்கொண்டே வந்தார். அந்த ஒரு ஸலாமை இப்னு பதூதா தம் பயண நூலில் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். துனீஸிலிருந்து ஹஜ் காபிலா புறப்பட்டபோது அவரே அதன் காழியாக நியமிக்கப்பட்டார்.

ஹஜ் முடிந்து இராக்கை நோக்கித் திரும்பிய காபிலாவைப் பற்றியும் அவர் எழுதுகிறார். வசதியற்ற ஹாஜிகளுக்காகத் தண்ணீர் சுமந்த ஒட்டகங்கள் தனியே வந்தன. தருமமாக வழங்க உணவுப் பொருள்களும், நோயுற்றவர்களுக்காக மருந்தும் சர்க்கரையும் சுமந்த ஒட்டகங்களும் வந்தன. இரவில் தீவட்டிகள் ஏந்தி நடந்தார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காபிலாவின் ஏற்பாடு இவ்வாறு இருந்தது. இயலாதவரை முன்னிட்டே எல்லாம் திட்டமிடப்பட்டதைக் கவனியுங்கள்.

பின்னர் கப்பல் காலம் வந்தது. மும்பையிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டுடன் நின்றது. அதுவரை கப்பலில் சென்றவர்களுக்கு நாட்கணக்கில் நேரம் இருந்தது. மேல்தளத்தில் அமர்ந்து ஆலிம்களிடம் ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்டார்கள். யார் வேகமாக நடப்பவர், யாருக்கு மூச்சிரைப்பு என்பதெல்லாம் கரையிறங்கும் முன்பே ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். முகமறியாத மனிதர்கள் கப்பலிலேயே காபிலாவாகிவிடுவார்கள்.

இன்று விமானம் சில மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. இறங்கிய அன்றிரவே, பக்கத்திலிருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல், இலட்சக்கணக்கானோர் நடுவே தவாஃபில் நுழைகிறோம். கப்பல் செய்த வேலையைச் செய்ய இப்போது எதுவும் இல்லை. எனவேதான் ஊரிலிருந்து புறப்படும் முன்பே வகுப்புகள் நடத்த வேண்டியது இன்றைய வழிகாட்டியின் முதற்கடமையாகிறது. ஒரே ஒரு நாள் மண்டபத்தில் பிரியாணி போட்டு, பையும் அடையாள அட்டையும் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது.

வழிகாட்டிகளில் எத்தனை வகை!

வழிகாட்டிகளில் சிலர் மேய்ப்பர்கள். வாருங்கள், ஏறுங்கள், இறங்குங்கள் என்பதற்கு மேல் அவர்களிடம் சொல் இல்லை. தவாஃபில் அவர்கள் உரத்த குரலில் துஆ ஓத, பின்னால் வருவோர் பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்கிறார்கள். தம் மகளின் திருமணத்துக்காக, தம் பேரனின் நோய் நீங்குவதற்காகத் தம் மொழியில் மனமுருகிக் கேட்க வேண்டியவர், அடுத்த சொல் என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடுகிறார்.

சிலர் கதைசொல்லிகள். மதீனாவுக்கு வெளியே ஜின் பள்ளத்தாக்கு என்று ஓரிடத்துக்கு நம்மவர்களை அழைத்துச் செல்வதுண்டு. அங்கே இயந்திரத்தை நிறுத்திய வாகனம் மேட்டை நோக்கித் தானாக ஓடுவதாகத் தோன்றும். ஜின்கள் தள்ளுவதாகச் சொல்லிச் சிலிர்க்க வைப்பார்கள். உண்மை யாதெனில், சுற்றியுள்ள மலைகளின் சாய்வினால் இறக்கம் நம் கண்ணுக்கு ஏற்றம்போல் தெரிகிறது. இத்தகைய சாலைகள் உலகின் பல நாடுகளில் உள்ளன. இதைக் காண்பதற்காக மஸ்ஜிதுந் நபவியில் ஒரு வேளைத் தொழுகையை இழப்பவர்களை என்னென்பது?

சிலர் தரகர்கள். உஹதில் பத்து நிமிடம் நிற்கும் பேருந்து, பேரீச்சம் பழக் கடையில் ஒரு மணி நேரம் நிற்கும். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது வகையினர் ஆசிரியர்கள். உஹது மலையின் எதிரே நிற்கும்போது, வில்வீரர்கள் நின்ற சிறு குன்று எது, அவர்கள் இடம்பெயர்ந்ததால் விளைந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அமைதியாக நிற்க விடுவார்கள். ஹிரா குகை இருக்கும் நூர் மலையின் அடிவாரத்தில், இது செங்குத்தான ஏற்றம், இதில் ஏறுவது ஹஜ்ஜிலோ உம்ராவிலோ ஒரு கடமையன்று, இயலாதவர் கீழிருந்தே பார்க்கலாம் என்று தெளிவாகச் சொல்வார்கள். ரவ்ளாவில் தொழ 'நுஸுக்' செயலி வழியாக முன்னரே அனுமதி பெற வேண்டும். அதை ஊரிலேயே எடுத்துச் சொல்லி, தெரியாதவர்களுக்குத் தாமே பதிவு செய்து தருவார்கள்.

பாடம் சொல்லித் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். நல்ல ஆசிரியர் மாணவன் தாமாகவே ஓதும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நல்ல வழிகாட்டியும் அவ்வாறே. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வழிகாட்டி இல்லாமல் ஹரமுக்குப் போய்வர முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவருக்கு இன்னும் கற்றுத்தர வேண்டியது மிச்சமிருக்கிறது என்றே பொருள்.

பெண்களின் சங்கடம்

காபிலாவில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருக்கும் நிலையும் உண்டு. ஆனால் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆண்களே. பயணத்தின் நடுவே மாதவிலக்கு ஏற்பட்டால் என்ன செய்வது, மருந்தால் தள்ளிப்போடலாமா, இஹ்ராம் நிலையில் காத்திருப்பது எப்படி என்பவற்றை ஓர் அந்நிய ஆணிடம் கேட்க நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்காமலே தவறாகச் செய்துவிட்டு, ஊர் திரும்பிய பின் உள்ளுக்குள் வருந்துவோர் பலர்.

இறுதி ஹஜ்ஜின் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே இந்நிலை ஏற்பட்டது. அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் கேட்டு, இது ஆதமின் பெண்மக்கள்மீது அல்லாஹ் விதித்ததே என்று ஆறுதல் கூறி, தவாஃப் தவிர மற்றவற்றைச் செய்யச் சொன்னார்கள். ஹஜ் முடிந்த பின், விடுபட்ட உம்ராவுக்காக அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மானுடன் தன்யீமுக்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் மனக்குறை தீர அவர்களே காத்திருந்தார்கள் என்றால், நம் கால அட்டவணைகள் எம்மாத்திரம்?

2018ஆம் ஆண்டு முதல், 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் இன்றி நால்வர் குழுவாக ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க இந்திய அரசு வழிசெய்தது. 2023ஆம் ஆண்டில் 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வகையில் சென்றனர். இதன் மார்க்கச் சட்டம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பெண்களுக்குப் பெண் வழிகாட்டி வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆலிமா பட்டம் பெற்ற பெண்கள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு காபிலாவிலும் அவர்களில் ஒருவரை அனுப்புவது எளிது.

உயிர் சம்பந்தப்பட்ட செய்தி

இதுவரை சொன்னவை மனநிறைவைப் பற்றியவை. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாததால் குளிரூட்டிய கூடாரங்களும் பேருந்துகளும் அவர்களுக்கு இல்லை. நிழலும் ஓய்வுமின்றிச் சுடுவெயிலில் நெடுந்தூரம் நடந்தே சென்றார்கள். இறந்தோரில் எகிப்தியர்கள் மிகுதி. முறைகேடாக ஆட்களை அனுப்பியதற்காக 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை எகிப்து அரசு பறித்தது.

ஹஜ் விசா இல்லாவிட்டால் என்ன, சுற்றுலா விசாவில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பிச் சென்றவர்களின் முடிவு இது! குறைந்த கட்டணத்தில் ஹஜ் என்று யாரேனும் உங்களிடம் வந்தால், இந்த எண்ணிக்கையை நினைவில் கொள்ளுங்கள்.

முறையாகச் செல்வோருக்கும் ஏற்பாட்டாளரின் நேர்த்தி இன்றியமையாதது. 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 1,75,025 இடங்களில் 1,22,518 பேரின் ஏற்பாட்டை ஹஜ் கமிட்டி கவனித்தது. தனியார் நிறுவனங்களுக்குரிய 50,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு, மினா முகாம், தங்குமிடம், போக்குவரத்து ஒப்பந்தங்கள் உரிய காலத்துக்குள் முடியவில்லை என்று மத்திய அரசு தெரிவித்தது. இறுதியில் 10,000 இடங்களுக்கே மீண்டும் வழி கிடைத்தது. பணம் கட்டி, இஹ்ராம் துணி வாங்கி, உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றிருந்தவர்கள் பல்லாயிரவர் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்கு உதவ, மாநில ஹஜ் ஆய்வாளர்கள் என்ற பெயரில் அரசு ஊழியர்கள் உடன் அனுப்பப்படுகிறார்கள். முன்பு இவர்கள் காதிமுல் ஹுஜ்ஜாஜ் எனப்பட்டனர். ஹாஜிகளின் பணியாளர் என்பது அதன் பொருள். அந்தப் பழைய பெயரில் வழிகாட்டியின் கடமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பயணியின் பங்கு

எல்லாவற்றையும் வழிகாட்டியின் தலையில் சுமத்துவதும் நீதியன்று. நூறு பேர் பேருந்தில் காத்திருக்க, இருவர் கடைவீதியில் பேரம் பேசிக்கொண்டிருந்தால் எந்த அமீர் என்ன செய்வார்? சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்கு இஹ்ராம் உடையுடனேயே சண்டையிடுவோரும் உண்டு. சர்க்கரை நோயையும் இதய நோயையும் மறைத்துப் பெயர் கொடுத்துவிட்டு, அங்கே போய் மயங்கி விழுவோரும் உண்டு. அமீரைத் தேர்ந்தெடுத்த பின் அவருக்குக் கட்டுப்படுவது பயணத்தின் ஒழுக்கம். அருகில் இருக்கும் அறிமுகமற்றவருக்கு ஸலாம் சொல்வதும் அதில் அடங்கும். துனீஸில் அழுத அந்த இளைஞரைத் தேற்றியவர் வழிகாட்டி அல்லர். சக பயணிதான்!

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. எங்களுடன் ஊரிலிருந்தே வரும் அமீர் யார்? விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு நின்றுவிடுவாரா? அவருடன் முன்பு சென்ற முதியவர் ஒருவரிடம் நாங்கள் பேசலாமா?

2. ஓர் அமீருக்கு எத்தனை பேர்? கூட்டத்தின் கடைசியில் வருவது யார்?

3. புறப்படும் முன்பு எத்தனை நாள் பயிற்சி? பெண்களுக்கு ஆலிமா ஒருவர் உண்டா?

4. வந்திறங்கிய அன்றே உம்ராவா, ஓய்வுக்குப் பிறகா? ஸஃபா மர்வா ஏழு ஓட்டங்கள் மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர். தவாஃபை மேல்தளங்களில் செய்தால் அதன் தூரமும் பல மடங்கு நீளும். நடக்க இயலாதவருக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு யார் பொறுப்பு? அதன் கட்டணம் எவ்வளவு?

5. எந்த வகை விசா? நிறுவனத்துக்கு அரசுப் பதிவு உண்டா? கட்டிய பணத்துக்கு முறையான ரசீது தருவீர்களா?

6. ஹரமில் சும்மா அமர்ந்திருக்க எத்தனை நாட்கள் விட்டிருக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் வியப்பார்கள். பட்டியலில் இடங்களைக் கூட்டிக் காட்டினால்தான் வாடிக்கையாளர் வருவார் என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்தவர்கள் நாம்தான். நாம் கேட்கும் கேள்வி மாறினால் அவர்களின் விளம்பரத் தாளும் மாறும்.

அன்பிற்குரியவர்களே! உங்கள் தாயாரை, தந்தையாரை ஒரு காபிலாவில் சேர்க்கும் முன்பு, அதில் முதலில் நடப்பவரின் கம்பீரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கடைசியில் நடப்பவரின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அங்கே ஒருவர் இருந்தால், அந்தக் காபிலாவை நம்பிப் பெரியவர்களை அனுப்பலாம். வல்ல அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் இலகுவாக்கி, ஏற்றுக்கொள்ளப்பட்டதாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.